நாலு விரல் இடைவெளி

"ரயில் பாலத்துக்கு அடியில பஸ் சிக்கி நிக்கும்போது, உள்ள இருந்த சனம் பூரா இறங்கி வந்து டிரைவர் மூஞ்சியைப் பாக்கும் பாரு. அந்தப் பார்வையை நீ பாத்திருக்கியா?"

வேன் கூரை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி சங்கரபாண்டி கேட்டார். கீழே செண்பகவல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் அரசுப் பேருந்து ஓட்டின மனுஷரோடு குடும்பம் நடத்தினவளுக்கு அந்தப் பாலமும் தெரியும், அந்தச் சனமும் தெரியும், அவர்கள் பார்த்த பார்வையும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அவர் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது அதன் உயரத்தைத்தான். கல்யாண வீட்டுப் பந்தலுக்குள்கூடக் குனிந்துதான் நுழைவார்.

வேன் அவருடைய ஆசை. பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, சீட்டெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் என்று வைத்துக் குட்டி வீடாக்கியிருந்தார். வெயில் சங்கு ஊதாத ஊர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு வரலாம் என்பது யோசனை. பாளையங்கோட்டையில் இப்போதெல்லாம் பங்குனியிலேயே சங்கு ஊத ஆரம்பித்துவிடுகிறது. காலையில் ஒரு தரம் ஊதினால் தெருவில் ஆள் நடமாடக் கூடாது. பொழுது சாயும்போது மறுபடி ஊதின பிறகுதான் கதவைத் திறக்கலாம். நடுவே கரண்ட் இருந்தால் புண்ணியம், இல்லாவிட்டால் ஈரத்துணி. பிரசவத்துக்கு வந்த மகள் கோமதி கைக்குழந்தையோடு இன்னும் வீட்டில்தான் இருந்தாள். அவளைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்த மறுநாளே கிளம்புவதாக ஏற்பாடு.

வேனுக்குக் கரண்ட் வேண்டுமே. தூத்துக்குடியில் சோலார் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருக்கும் மருமகன் இசக்கிராஜ் நாலு தகடு அனுப்பியிருந்தார். இன்னும் கடைக்கு வராத சரக்கு, ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொடுப்பது. ஒவ்வொன்றும் குளியலறைக் கதவு அளவு. துணி மாதிரி வளைகிற ரகம் இல்லை, கெட்டி. நிறம் கறுப்பு என்று சொன்னால் போதாது. மற்ற பேனலில் குனிந்தால் முகம் தெரியும், மேகம் தெரியும். இதில் ஒன்றுமே தெரியவில்லை. செண்பகவல்லிக்குப் பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

எப்படி மாட்டுவது என்று மருமகன் வீடியோவில் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கூரையில் நெடுக்காக அலுமினியப் பட்டைகளைப் பதிக்க வேண்டும். துளை போட்ட இடத்தில் எல்லாம் பசை வைத்து, மழைத்தண்ணீர் இறங்காமல் அடைக்க வேண்டும். பட்டை மேல் நாலு விரல் உயரத்துக்குக் கட்டைகளை நிறுத்தி, அதற்கு மேல்தான் தகட்டை வைத்து முடுக்க வேண்டும். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மற்ற பேனல் வெளிச்சத்தைத் தின்னும், இது சூட்டைத் தின்னும், இருட்டினாலும் தின்னும் என்றார். சங்கரபாண்டி சொன்னது சொன்னபடியே செய்தார்.

பிசகினது மறுநாள். நாங்குநேரி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்கள். வேகம் எடுத்ததும் அந்த நாலு விரல் சந்துக்குள் காற்று புகுந்து, கண்டக்டர் இல்லாத குறையைத் தீர்ப்பது போல விசில் அடித்தது. போகிற வழி எல்லாம் விசில். திரும்பும்போது ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தார்கள். இடிக்கவில்லை, உரசக்கூட இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த கையோடு கட்டைகளைக் கழற்றி எறிந்து, பட்டைகளையும் பிடுங்கி, கூரைத் தகரத்தில் பசையை அப்பு அப்பு என்று அப்பி, நாலு தகட்டையும் சுவரொட்டி ஒட்டுவது போல அமுக்கி ஒட்டிவிட்டார்.

மாப்பிள்ளை இடைவெளி விடச் சொன்னாரே என்று அவள் நினைவுபடுத்தினாள்.

"மாப்பிள்ளை பஸ் ஓட்டியிருக்காரா?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வேனுக்குள் ஏறினவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் சுவரைத் தொட முடியவில்லை, தலையணை கொதிக்கிறது. இங்கே மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. சில்லென்று அடிக்கும் ஏசிக் குளிர் இல்லை இது. தோலுக்கு மேலே யாரோ விசிறுவது போல, உடம்பில் இருக்கிற காந்தலை எல்லாம் உருவி எடுப்பது போல ஒரு சுகம். வீட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். அது வெளியே என்ன காட்டியதோ அதையேதான் உள்ளேயும் காட்டியது. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கட்டையைத் திரும்ப மாட்டலாமா என்று சங்கரபாண்டி பேச்சுக்குக் கேட்டபோது, மாட்டினால் நான் உங்களோடு வர மாட்டேன் என்று சொன்னவள் அவள்தான்.

கரண்டுக்கும் குறைவில்லை. விடிந்து எழுந்தால் பேட்டரி நிரம்பி இருந்தது. ராத்திரி நிரம்புகிற பேட்டரியை யார் கண்டார்கள்? அவள் மிக்ஸியை வேனுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் அரைத்தாள். எதிர்வீட்டு மரியதங்கம் டீச்சர் ஒரு மத்தியானம் சங்கையும் மதிக்காமல் தெருவைத் தாண்டி வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மறுநாள் தலையணையோடு வந்தார். அதற்கு மறுநாள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சர்ச்சில்கூட இப்படி ஒரு சமாதானம் கிடைக்கவில்லை என்று டீச்சர் சொன்னதை அவர் தங்கச்சி கண்டித்தார்.

ஒன்றுதான் அதிகமானது, பசி. சங்கரபாண்டி மூன்றாம் தடவை சோறு கேட்டார். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு அளந்து போட்டே கை பழகினவள் செண்பகவல்லி; உலை வைத்தால் ஒரு கவளம் மிஞ்சாது, ஒரு கவளம் குறையாது. அவளுக்கே அளவு தவறியது. இவ்வளவு தின்றும் ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. நல்ல தூக்கம், அதனால் நல்ல ஜீரணம் என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு நாள் இசக்கிராஜ் கூப்பிட்டார். தகட்டில் இருந்து வருகிற கரண்ட் அளவு அவருக்குத் தூத்துக்குடியில் இருந்தே கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும் கோடாகத் தெரியுமாம். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"அத்தை, நேத்து வேன்ல எத்தனை பேர் படுத்திய?"

தானும் மாமாவும், மத்தியானம் எதிர்வீட்டு டீச்சரும் தங்கச்சியும் என்று சொன்னாள். அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. மத்தியானம் ரெண்டு பேர் கூட என்று கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது என்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பாகத்தான் வந்தது. அதற்கப்புறம் மனசு கேட்காமல், மாமா அந்த இடைவெளியை எடுத்துவிட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று உண்மையைச் சொன்னாள். பேனா கீறுகிற சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றார் இசக்கிராஜ். "அப்படியே இருக்கட்டும் அத்தை. எதையும் மாத்த வேண்டாம்."

கத்திரி வெயில் பிறந்தது. குழந்தைக்குக் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வேர்க்குரு கொப்பளித்துவிட்டது. படுக்க வைத்தால் அழுகை, தூக்கினால் அழுகை. இசக்கிராஜ் கம்பெனி மீட்டிங் என்று சென்னைக்குப் போயிருந்தார். தங்களுக்கு ஒரு இடம் குளிர்ச்சியாக இருக்கும்போது பச்சைப் பிள்ளையை எதற்காக வீட்டுக்குள் வேக வைக்க வேண்டும் என்று கோமதி கேட்டாள். கேட்டது நியாயம்தான். சங்கரபாண்டி வீட்டுக் காவலுக்கு முன்னறையில் படுத்துக்கொண்டார். பெண்கள் வேனுக்குப் போனார்கள்.

முதல் இரண்டு ராத்திரி குழந்தை தாயோடு ஒட்டிப் படுத்தது. மூன்றாம் நாள் கோமதிக்கு முதுகு வலி. தூளி கட்டலாம் என்றாள். பழைய டூரிஸ்ட் வேன் இல்லையா, கூரையை ஒட்டிக் கைப்பிடிக் கம்பி நெடுக ஓடுகிறது. தூளி கட்டுவதற்கென்றே செய்த மாதிரி. செண்பகவல்லி தன்னுடைய நைந்த நூல் சேலையை எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, கனத்தைத் தாங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துக் கட்டினாள். ஆடும்போது கட்டில் விளிம்பில் முட்டக் கூடாது என்று ஏற்றிக் கட்டினாள். தன் கையால்தான் கட்டினாள். தூளிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

பிள்ளை அன்றைக்கு முழிக்கவே இல்லை. பாலுக்குக்கூட அழவில்லை.

செண்பகவல்லி கண் திறந்தபோது வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி வந்துவிட்டிருந்தது. இவ்வளவு நேரமா தூங்கினோம் என்று எழுந்திருக்கப் பார்த்தால், கைவிரல் மடங்க மாட்டேன் என்கிறது. பக்கத்தில் கோமதி வாயைத் திறந்தபடி கிடந்தாள். நல்ல தூக்கம், தாயும் பிள்ளையும் தூங்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. தூளியை விலக்கிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

மண்பானை. விடியற்காலையில் மண்பானையின் அடிவயிற்றைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள், மூக்கில் விரல் வைத்தாள். மூச்சு இருந்தது; ஆனால் போய்விட்டு வர யோசித்து யோசித்து வந்தது.  கோமதியை எழுப்பக்கூடத் தோன்றவில்லை. பிள்ளையைத் தூளியில் இருந்து வாரி, ஜாக்கெட்டைப் பிரித்துத் தன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வேனை விட்டு இறங்கி, நடுத் தெருவில் வெயிலில் போய் நின்றாள். ஊர் முழுக்க எந்த வெயிலைக் கண்டு கதவை அடைத்துக்கொள்கிறதோ அந்த வெயிலில். செருப்பில்லாத காலுக்குத் தார் சுட்டது. சுடட்டும், சுடட்டும் என்று நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து மரியதங்கம் டீச்சர், பச்சைப் பிள்ளையை வெயிலில் கொண்டு நிற்கிறாயே, புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினார். சங்கு ஊதியது. அவள் நகரவில்லை.

சங்கரபாண்டி ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வேன் சாவியை எடுத்தார்.

"அதுக்குள்ள வேண்டாம்" என்றாள். ஏன் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. சங்கு நேரத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆட்டோ ஒன்றில்தான் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டருக்குச் சின்ன வயதுதான். காலையில் இருந்து வெயில் மயக்கம், வெயில் வலிப்பு என்றே பார்த்துக்கொண்டிருந்தவர், குழந்தைக்கு வைத்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார், உதறினார், வேறொன்றை வாங்கி வைத்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"பிள்ளையை எங்கம்மா வச்சிருந்தீங்க? ஃபிரிட்ஜ்லயா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஏசிகூடக் கிடையாதே என்று கோமதி அழுதாள். டாக்டர் நம்பவில்லை. இந்த மாதிரி விறைத்த பிள்ளையைத் தான் படித்த புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாகவும், அந்தப் புத்தகத்தில் வெளியே பனி பெய்துகொண்டிருந்தது என்றும் சொன்னார். யாரோ வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பது அவர் பார்வையில் இருந்தது. அந்தப் பார்வை செண்பகவல்லியின் மேல் வந்து நின்றது. ரயில் பாலத்துக்கு அடியில் நிற்கிற டிரைவர் அவள்தான் இப்போது. பிறகு டாக்டருக்கு என்ன தோன்றியதோ, கோமதியின் கையைப் பிடித்துப் பார்த்தார். கோமதிக்குத் தெர்மாமீட்டர் வைத்தார். செண்பகவல்லிக்கும் வைத்தார். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் ஒரே இடத்துலயா தூங்குனீங்க?" என்று கேட்டபோது அவர் குரல் மாறியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் குழந்தை அழுதது. அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் பிள்ளை அழுகை இரைச்சல். செண்பகவல்லி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இசக்கிராஜ் சென்னையில் இருந்து வந்து சேர்ந்தார். டாக்ஸியை விட்டு இறங்கினவர் வீட்டுக்குள் ஓடிவரவில்லை. வாசலில் நின்ற வேனின் கூரையைத்தான் முதலில் பார்த்தார். ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள் செண்பகவல்லி. அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. 

உள்ளே வந்து பிள்ளையை வாங்கினார், முத்தமிட்டார், அழுதார். எல்லாம் மெய்தான். தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்.

"மாப்பிள்ளை, அந்தத் தகடு என்ன செய்யுது?"

அவர் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தபடி சொன்னார். "உயிருள்ள எந்த உடம்பும் சும்மா கிடக்கும்போதே சூட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும் அத்தை. சுவரு, கூரை, பக்கத்துல படுத்திருக்கிற ஆளு, எல்லாம் அதை வாங்கிக்கிட்டு நமக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அதனாலதான் நாம விறைக்காம இருக்கோம். இந்தத் தகடு வாங்கும். திருப்பிக் கொடுக்காது."

"வாங்கி?"

"மேல அனுப்பிரும். நமக்குத்தான் வெயில், வானம் பூரா குளிருதான். போற வழியில கரண்ட் எடுத்துக்கிடுதோம். அடியில இடைவெளி இருந்தா வெளிக்காத்துல உள்ள சூட்டை எடுக்கும். கூரையோட ஒட்டிட்டா கூரையும் தகடாயிரும். அப்புறம் கீழ என்ன இருக்கோ, அதுல இருந்து எடுக்கும்."

காற்றைக் குளிர வைக்காது, அதனால் வெப்பமானியில் தெரியாது. ஆளைத்தான் குளிர வைக்கும் என்றார். உடம்பு சும்மா விடுமா, போன சூட்டைத் திரும்ப உண்டாக்கப் பார்க்கும், அதற்குத் தீனி கேட்கும். பெரியவர்களுக்குப் பசியோடு போய்விடும். பிள்ளைக்கு அந்தச் சக்தி கிடையாது.

சங்கரபாண்டி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வேனைப் பற்றி அவர் மூன்று நாளாகப் பேசவில்லை. "நான்தான் அமுக்கி ஒட்டினேன்" என்றார் இப்போது. 

"நீங்க ஒட்டலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது மாமா" என்று சொல்லிவிட்டார் இசக்கிராஜ். ஆறுதலாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது அறையில் எப்படி விழுந்தது என்று அவருக்கே கேட்டது.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றாள் செண்பகவல்லி.

தெரியாது என்றார். பிறகு, சந்தேகம் இருந்தது என்றார். ஆள் கூடினால் கோடு கூடுகிறது என்று தெரிந்ததும் மேலே சொன்னாராம். மேலே இருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னார்களாம். பிள்ளை அங்கே படுக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. தூளி கட்டின மறுநாள் காலையில் கோடு புதுவிதமாக இருந்தது. ஏதோ ஒரு சின்ன உயிர், கூரைக்கு ரொம்பப் பக்கத்தில். பூனை ஏதாவது ஏறிப் படுத்திருக்கும் என்று நினைத்தார். மீட்டிங்கில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், போனை எடுத்துப் பேச முடியவில்லை.

 அவர் நிறுத்தாமல் மேலும் மேலும் பேசினார். தகடு கெட்டது இல்லை என்றார். வெளியூரில் இருந்து வந்து வேலை செய்கிற ஆட்கள் தகரக் கொட்டகையில் எப்படிப் படுக்கிறார்கள் என்று அத்தைக்குத் தெரியுமா? போன வருஷம் எத்தனை பேர் வெயிலில் செத்தார்கள்? அந்தக் கொட்டகைகளுக்கு எல்லாம் இந்தத் தகட்டை ஒட்டப் போகிறார்கள். நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்கள் தூங்குகிற நேரத்தில் வருகிற கரண்டில் பக்கத்துத் தொழிற்சாலை ஓடும். பெரியவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் கிடையாது. அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடத்தான் சென்னைக்குப் போனது.

"ஒரு ஆளுக்கு ராத்திரி ரெண்டு சப்பாத்தி கூடப் போட்டாப் போதும் அத்தை. கணக்குப் பாத்துட்டோம்."

செண்பகவல்லிக்கு முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. ஆயுசு முழுக்க அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். ஒரு கரண்டி சோறு ஒரு பிள்ளையின் உடம்பில் எலும்பாகும், ஓட்டமாகும், வாய்ப்பாடாகும் என்றுதான் நினைத்து வைத்திருந்தாள். வேறு யாரோ சுவிட்ச் போடுவதற்காக ஒரு மனுஷனுக்குச் சோறு போட முடியும் என்பது அவள் புத்திக்குள் நுழைய மறுத்தது.

"அடுப்புக்கு விறகு வைக்கிற மாதிரி" என்றாள், தனக்குள் சொல்வது போல.

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் இருந்து அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். நின்றாள்.

"ஏங்க, நம்ம குவார்ட்டர்ஸ்ல எனக்கு ஏன் குளிருச்சு?"

இசக்கிராஜுக்குப் புரியவில்லை.

"மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு. ஏசி கிடையாது. புரட்டாசி வெயில்ல நான் போர்வை போத்திப் படுத்தேன். மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்னு சொன்னிய. கடல் காத்துன்னும் சொன்னிய. ராத்திரி பசிக்குன்னு எழுந்து எழுந்து தின்னேன், நீங்கதான் பரோட்டா வாங்கிட்டு வந்திய. அவ்வளவு தின்னும் பிள்ளை ரெண்டு கிலோகூட இல்லாமப் பொறந்துச்சு."

மாடியில் கம்பெனி தகடு போட்டிருப்பது உண்மைதான், எல்லா வீட்டுக்கும் இலவசமாகப் போட்டது என்றார் அவர். ஆனால் இடைவெளி விட்டுப் போட்டதாகத்தான் சொன்னார்கள். அவர் ஏறிப் பார்த்ததில்லை. மாடிக் கதவு பூட்டியே கிடக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு மனுஷன் முகத்தில் இருந்து ரத்தம் இறங்குவதை இவ்வளவு பக்கத்தில் செண்பகவல்லி பார்த்ததில்லை.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒரு கோடு உண்டு அத்தை" என்றார். "வேனுக்கெல்லாம் முன்னாடி வந்தது. எங்க எல்லாருக்கும் அதைத்தான் காட்டுவாங்க. ஒரு ரூம்ல ஹீட்டர் வச்சு, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சூட்டைக் கூட்டிப் பாக்கோம்னு சொன்னாங்க. அழகா ஏறும், ஒரு பிசிறு இருக்காது. எந்த ரூமுன்னு சொல்லலை. நான்தான் அதைப் படமாப் போட்டு சென்னையில விளக்கினேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அப்புறம்?"

"தை மாசம் ஒரு நாள் படக்குன்னு விழுந்துருச்சு. பாதிக்கு மேல. ஹீட்டரை அணைச்சிட்டாங்கன்னு நினைச்சேன்."

"தையில என்னைக்கு?"

 அவர் நாளைச் சொல்ல வேண்டியதே இல்லை. தை மாசம், வளைகாப்பு முடிந்த கையோடு, இரண்டு கை நிறைய வளையல் குலுங்க அந்த வீட்டில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது செண்பகவல்லிதான். மாடிப்படியில் பார்த்து இறங்கு, பார்த்து இறங்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கோமதிக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. இனி அந்த வீட்டுக்குத் தான் வரப்போவதில்லை என்று, உப்பு இல்லை புளி இல்லை என்பது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள். இசக்கிராஜ் தலையை ஆட்டினார். சங்கரபாண்டி எழுந்து, மூலையில் கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கூரையில் அவர் பசையை வெட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

மேஜை மேல் இருந்த இசக்கிராஜின் போன் அடித்தது. எடுக்கத்தான் போனார், அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு, குரல் அறை முழுக்கக் கேட்டது. அவருடைய மேலதிகாரி. நல்ல, அன்பான குரல். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இசக்கி, உங்க மாமனார் வேன்ல என்னப்பா ஆச்சு? மூணு நாளா கோடு தரையில கெடக்கு. தகடு போயிருச்சோ?"

  கோமதி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, இசக்கிராஜை முந்திக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"தகடு போகலை சார். பிள்ளையை வெளிய எடுத்துட்டோம்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கோட்டோடு சரிபார்க்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு நீண்ட மூச்சு, பாரம் இறங்கினவருடைய மூச்சு, கேட்டது.

"அப்படியா" என்றார். "நல்லவேளை. நான் தகடுலதான் கோளாறோன்னு பயந்துட்டேன்."